2018-இல் வாங்கிய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடலாமா?

கேள்வி இதுதான்: 2018-இல் வாங்கிய லேப்டாப். ஐ5-8250யூ பிராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்து பிரவுசரைத் திறப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம். கடையில் காட்டினால் புதுசு வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். எஸ்எஸ்டி போட்டால் சரியாகுமா, எதை வாங்குவது, இருக்கிற விண்டோஸும் ஃபைல்களும் போகாமல் மாற்ற முடியுமா?

சரியாகும். இதற்காகப் புது லேப்டாப் வாங்காதீர்கள். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க் செய்யும் அதே வேலையை, சுழலும் பாகம் எதுவும் இல்லாமல் மெமரி சிப்பில் செய்யும் டிரைவ். ஐ5-8250யூ நான்கு கோர், எட்டு த்ரெட் கொண்ட பிராசஸர். வேர்டு, எக்செல், டேலி, பிரவுசர், ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் அது தாராளம். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பிராசஸர்களின் பட்டியல், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, தொடங்குவதே இந்த 8-ஆம் தலைமுறையில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆக நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். உங்கள் மெஷினில் இழுத்துப் பிடிப்பது டிஸ்க்கும், ஓரளவுக்கு ராமும்தான்.

அந்த 100 சதவீதத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வைரஸ் என்று நினைத்துப் பலர் ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டு இன்னும் மெதுவாக்கிக்கொள்கிறார்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பக்கத்தைத் திறந்து கீழே பாருங்கள். மேலே 100 என்று காட்டும் அதே நேரத்தில் படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்றுதான் இருக்கும். டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வரை தரக்கூடியது. அப்புறம் ஏன் 1 எம்பியில் மூச்சு வாங்குகிறது? அந்த 100 என்பது டிஸ்க் ஓய்வில்லாமல் இருந்த நேரத்தின் அளவு. எவ்வளவு டேட்டா வந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். ஹெட், அதாவது படிக்கும் முனை, சரியான டிராக்குக்கு (வட்டப் பாதைக்கு) நகர்ந்து போகச் சராசரியாக 12 மில்லிசெகண்ட் ஆகும். அங்கே போனபிறகு வேண்டிய இடம் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, இன்னொரு ஐந்தரை மில்லிசெகண்ட். ஒரு சிறு துண்டைப் படிக்க மொத்தம் 17, 18 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால் நொடிக்கு அறுபது துண்டுகூடத் தேறாது. ஒவ்வொன்றும் 4 கேபி என்று வைத்தால் நொடிக்குக் கால் எம்பி. வரிசை மாற்றி எடுக்கும் தந்திரங்கள் டிஸ்க்குக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். விண்டோஸ் எழுந்து வரும்போதோ அங்கங்கே சிதறிக் கிடக்கும் பல்லாயிரம் சின்னத் துண்டுகளைக் கேட்கிறது. அதோடு அப்டேட், ஆன்டிவைரஸ், இண்டெக்ஸிங் எல்லாம் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கின்றன. ஒரே ஒரு எழுத்தர் இருக்கும் ஆவண அறையில் ஊரே வந்து பத்திர நகல் கேட்டால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது.

எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு சிறு துண்டைப் படிக்க ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்ட். ஒவ்வொன்றாகக் கேட்டாலே நொடிக்கு எட்டாயிரம், பத்தாயிரம் துண்டுகள் வரும். பெட்டியில் போட்டிருக்கும் 550 எம்பி வேகத்தைப் பார்த்து, ஹார்ட் டிஸ்க்கைவிட ஐந்து மடங்குதானே என்று நினைக்க வேண்டாம். அது ஒரு பெரிய ஃபைலை நேராகப் படிக்கும் வேகம். பூட் ஆவதிலும் புரோகிராம் திறப்பதிலும் கைகொடுப்பது சின்னத் துண்டு வேகம், அங்கே வித்தியாசம் நூறு மடங்குக்கு மேல். ஐந்து நிமிடம் இழுத்த பூட் அரை நிமிடத்துக்குள் முடிவது இதனால்தான்.

வாங்கப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். நீலத்தில் 'நல்லது' என்று வந்தால் நிம்மதி. மஞ்சளில் 'எச்சரிக்கை' என்று வந்தால் பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைக் கவனியுங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் திணறி, முடிவெடுக்கப்படாமல் நிற்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகளின், எண்ணிக்கை. அது பூஜ்யமாக இல்லாவிட்டால் உங்கள் லேப்டாப் மெதுவானதற்கு டிஸ்க் செத்துக்கொண்டிருப்பதும் காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் குளோனிங் (டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது), டிஃப்ராக் (சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்ப்பது), முழு டிஸ்க் ஸ்கேன் எதையும் தொடங்காதீர்கள். முழு டிஸ்க்கையும் வாசிக்க வைக்கும் எந்த வேலையும் அதைச் சீக்கிரம் முடித்துவிடும். போட்டோ, சான்றிதழ், கணக்கு என்று முக்கியமானவற்றை முதலில் வெளியே காப்பி செய்துவிடுங்கள், மற்றவை பிறகு. டிஸ்க் நன்றாக இருந்தாலும் பேக்கப் இல்லாமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

எதை வாங்குவது என்பது உங்கள் லேப்டாப்பின் வயிற்றுக்குள் என்ன ஸ்லாட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹார்ட் டிஸ்க்கோடு வந்த லேப்டாப் என்பதால் இரண்டரை இஞ்ச் சாட்டா இடம் நிச்சயம் இருக்கிறது. சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்கை மாட்டும் வழக்கமான இணைப்பு. அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் கூடவே குச்சி வடிவ எஸ்எஸ்டி போகும் எம்.2 ஸ்லாட்டும் உண்டு, சிலவற்றில் போர்டில் இடம் மட்டும் விட்டுக் கனெக்டரை வைக்காமல் விட்டிருப்பார்கள். அடிப்பக்க மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பாருங்கள். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் மூடியைத் திறந்து பார்த்த பிறகே வாங்குங்கள்.

எம்.2 விஷயத்தில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவத்தில் சாட்டா குச்சியும் உண்டு, அதைவிட வேகமான இணைப்பு முறையான என்விஎம்ஈ குச்சியும் உண்டு. சாட்டா மட்டும் பேசும் ஸ்லாட்டில் என்விஎம்ஈ போட்டால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் மென்பொருள், அதைப் பார்க்கவே பார்க்காது. குச்சியின் தங்க நிற முனையைப் பாருங்கள்: இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்து ஒரு பக்கம் ஐந்து பின் மட்டும் தனியாக நின்றால் எம் கீ, அதாவது பெரும்பாலும் என்விஎம்ஈ. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், இரண்டு வெட்டோடு வரும் என்விஎம்ஈ குச்சிகளும் சந்தையில் இருக்கின்றன. லேபிளைப் படியுங்கள். நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242 மட்டும் போகும் இடத்தில் 80 நுழையாது. போர்டில் வைஃபை கார்டு உட்கார்ந்திருக்கும் குட்டி ஸ்லாட்டும் எம்.2-தான், அதில் எஸ்எஸ்டி போகாது.

உங்களுக்கு என்விஎம்ஈ ஸ்லாட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஹார்ட் டிஸ்க்கையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 8-ஆம் தலைமுறை பிராசஸர் பேசுவது பிசிஐஈ 3.0, அதாவது என்விஎம்ஈ பயன்படுத்தும் இணைப்பின் மூன்றாம் தலைமுறை. 7000 எம்பி என்று போட்டிருக்கும் நான்காம் தலைமுறைக் குச்சி அதில் வேலை செய்யும், ஆனால் மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான். அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஸ்லாட் இல்லாவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. இரண்டரை இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஓட்டிப் பார்த்தால் முதல் வரியில் சாட்டா 550, என்விஎம்ஈ 3500 என்று காட்டும். ஆனால் ஒவ்வொன்றாக 4 கேபி படிக்கும் கடைசி வரியில் சாட்டா 30-லிருந்து 40 எம்பி, சாதாரண என்விஎம்ஈ 50, 60 எம்பி. அதே வரியில் உங்கள் ஹார்ட் டிஸ்க் அரை எம்பியைத் தாண்டாது. எக்செல் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியும் பாய்ச்சல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வருவதில்தான் இருக்கிறது. சாட்டாவுக்கும் என்விஎம்ஈக்கும் நடுவில் இருப்பது தினசரி வேலையில் பலருக்குத் தெரியாது.

அளவு 500 ஜிபி எடுங்கள். 480, 512 என்று எப்படிப் போட்டிருந்தாலும் சரி. ஹார்ட் டிஸ்க்கும் உள்ளேயே இருக்கப் போகிறது என்றால் 250 போதும். 120 வேண்டவே வேண்டாம். விண்டோஸ், அப்டேட், ஆஃபீஸ் போட்டதும் மூச்சுமுட்டிவிடும். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப வேகமும் குறையும். காரணம் ஃபிளாஷ் மெமரியின் இயல்பு: எழுதுவது சில கேபி அளவுள்ள பேஜ் பேஜாக, அழிப்பதோ பல எம்பி அளவுள்ள பிளாக் முழுதாக. காலி இடம் குறைந்தால் புதிதாக ஒன்றை எழுத, உள்ளே இருப்பதை எல்லாம் வேறு இடத்துக்கு நகர்த்தி, பிளாக்கை அழித்து, அப்புறம் எழுத வேண்டியிருக்கிறது. எப்போதும் பதினைந்து, இருபது சதவீதம் காலியாக விட்டு வையுங்கள்.

பெட்டியில் கவனிக்க வேண்டியவை டிஎல்சியா க்யூஎல்சியா, டிராம் உண்டா இல்லையா, வாரண்டி எத்தனை வருடம் என்பவை. ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு வைப்பது க்யூஎல்சி, முதலாவதே மேல். டிராம் என்பது எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைத்துக்கொள்ள டிரைவுக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி. உதாரணத்துக்கு சாம்சங் 870 ஈவோ டிஎல்சி, டிராம் உண்டு, ஐந்து வருட வாரண்டி. 500 ஜிபி மாடலுக்கு 300 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம். கிங்ஸ்டன் ஏ400, க்ரூஷியல் பிஎக்ஸ்500 போன்றவை டிராம் இல்லாத, மூன்று வருட வாரண்டி உள்ள விலை குறைந்த ரகம். பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதும்போது இவை தளர்ந்துபோகும், ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு இவையே பெரிய மாற்றம். பட்ஜெட் இடித்தால் தயங்காமல் வாங்கலாம். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். தினம் 20 ஜிபி எழுதினால்கூட 300 டெராபைட்டைத் தொட நாற்பது வருடம் ஆகும், வீட்டு வேலையில் தினம் 20 ஜிபி என்பதே அதிகம்.

பயப்பட வேண்டியது போலிக்குத்தான். நம்பமுடியாத விலையில் 2 டிபி என்று வரும் பெயர் தெரியாத பெட்டிகளைத் தொடாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, அளவை மட்டும் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். எழுதும்போது எல்லாம் போனமாதிரி இருக்கும், திரும்பப் படிக்கும்போது இருக்காது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சீல் உடையாத பெட்டியும், சீரியல் நம்பர் எழுதிய பில்லும் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புது டிரைவ் பூஜ்யம், அல்லது ஒன்றிரண்டு மணி காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் அது எங்கேயோ ஓடிக் கழிந்தது, அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

மூடியைத் திறக்கும்போதே ராமையும் பார்த்துவிடுங்கள். 4 ஜிபியில் விண்டோஸ் 11 ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் குறைந்தபட்சமாகச் சொல்கிறது, ஆனால் பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்தாலே ராம் தீர்ந்து மீதியை டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். எஸ்எஸ்டி போட்ட பிறகு அது உங்களுக்கு அவ்வளவாக உறைக்காது, இருந்தாலும் இன்னொரு 4 அல்லது 8 ஜிபி டிடிஆர்4 சேர்த்தால்தான் மெஷின் முழுதாக மூச்சு விடும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் முதலில் எஸ்எஸ்டி, ராம் பிறகு.

இனி உங்கள் கடைசிக் கேள்வி: இருக்கிறதை அப்படியே குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் போடுவதா. உங்கள் நிலையில் நான் சொல்வது புதிதாகப் போடுங்கள் என்பதே. இத்தனை வருட விண்டோஸில் எத்தனை டிரைவர், எத்தனை ட்ரையல் மென்பொருள், எத்தனை பாதி அழிந்த ஆன்டிவைரஸ் இருக்கும்! அத்தனையும் புது டிரைவுக்குக் குடிவரும். லைசென்ஸ் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். லேப்டாப்போடு விண்டோஸ் வந்திருந்தால் அதன் கீ மதர்போர்டின் பயாஸிலேயே இருக்கிறது. டிஸ்க்கை மாற்றினாலும் அதே எடிஷனைப் போட்டால், ஹோம் இருந்த இடத்தில் ஹோம், இன்டர்நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். கழற்றும் முன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எடிஷன் பெயர் அங்கே இருக்கும். கடையில் யாரோ கிராக் விண்டோஸ் போட்டுத் தந்திருந்தால் அதைக் குளோன் செய்து சுமக்காதீர்கள். ஆக்டிவேட்டர் என்று வரும் அந்த ஃபைல்கள் சிஸ்டத்தின் மொத்த அதிகாரத்தோடு ஓடுகிறவை, அவற்றுக்குள் வேறென்ன இருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது.

குளோனிங் சரியான இடங்களும் இருக்கின்றன. அலுவலக மென்பொருள் நிறைய இருந்து, இன்ஸ்டாலர்கள் கையில் இல்லாவிட்டால் குளோன்தான் வழி. யுஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்று வாங்கி, புது எஸ்எஸ்டியை வெளியே மாட்டி, சாம்சங் தரும் இலவச மென்பொருளையோ குளோன்சில்லாவையோ கொண்டு செய்யலாம். 1 டிபியிலிருந்து 500 ஜிபிக்குப் போகும்போது குளோன்சில்லா முரண்டு பிடிக்கும், புது டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது என்பது அதன் வழக்கமான நிபந்தனை. சாம்சங் மென்பொருளுக்குப் பயன்படுத்திய இடம் புதியதில் கொள்ளும் அளவு இருந்தால் போதும், ஆனால் அது சாம்சங் டிரைவுக்கு மட்டுமே எழுதும். எதில் செய்தாலும் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதைக் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன், ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ரிகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு என்கிரிப்ஷனை நிறுத்துங்கள். குளோன் முடிந்ததும் முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க் கனெக்ஷனில் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

புதிதாகப் போடுகிறவர்கள் எதை எதை எடுத்து வைக்க வேண்டும் என்பதில் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மறந்துபோவது வேறு. தமிழில் டைப் செய்கிறவர் என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களைக் கட்டாயம் காப்பி செய்யுங்கள். யூனிகோட் தமிழ் புது விண்டோஸில் தானாகவே தெரியும். ஆனால் பாமினியில் அடித்த திருமணப் பத்திரிகையோ பள்ளி வினாத்தாளோ அந்த ஃபான்ட் இல்லாமல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. ஃபான்டைத் திரும்பப் போட்டால் எழுத்து வந்துவிடும். கீபோர்டுக்கு என்ஹெச்எம் ரைட்டரோ அழகியோ எது பழக்கமோ அதன் இன்ஸ்டாலரையும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். டேலி வைத்திருந்தால் டேட்டா ஃபோல்டரைக் காப்பி செய்ததோடு நிறுத்தாமல், பழைய விண்டோஸில் இருந்தே லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். புதியதில் திரும்ப ஆக்டிவேட் செய்வது எளிதாக இருக்கும். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் பயன்படுத்தினால் அதன் டிரைவர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் இவையும் பட்டியலில் இருக்கட்டும்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து விண்டோஸ் 11 இன்ஸ்டாலரை உருவாக்கிக்கொள்ளுங்கள். பயாஸில் போய் விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் யுஈஎஃப்ஐ பூட் முறை, செக்யூர் பூட், டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி ஆகியவை ஆனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்டெல் லேப்டாப்களில் டிபிஎம் பெரும்பாலும் பிடிடி என்ற பெயரில் இருக்கும். அங்கேயே சாட்டா மோடு, அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருந்தால் புது இன்ஸ்டாலுக்கு முன் ஏஹெச்சிஐக்கு மாற்றிவிடலாம். குளோன் செய்கிறவர்கள் மட்டும் அதைத் தொடக் கூடாது, மாற்றினால் இருக்கிற விண்டோஸ் பூட் ஆகாது.

கழற்றும் வேலை அரை மணி நேரம், அவசரப்படாவிட்டால். ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, நிழலான மேசையில் துணி விரித்துக் கவிழ்த்து வையுங்கள். பிஹெச்0 அல்லது பிஹெச்1 அளவு பிளஸ் முனை ஸ்க்ரூடிரைவர் போதும். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் படத்தை வரைந்து எந்த ஸ்க்ரூ எந்த மூலையில் இருந்ததோ அங்கேயே வைத்து வாருங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் துளைத்துக்கொண்டு வரும். எல்லாவற்றையும் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள். ரப்பர் பாதங்களுக்கு அடியில், டிவிடி டிரைவ் இருந்தால் அதன் குழிக்குள், இன்னும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் விட்டு ஓட்டினால் கிளிப்புகள் டக் டக் என்று விடும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. அப்புறம் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியட்டும். எங்கேயாவது தரையோடு தொடர்புள்ள உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க் ஒரு தகர ஃப்ரேமுக்குள் இருக்கும். பின்னால் பட்டையான ரிப்பன் கேபிள் வந்து சேரும். கேபிளைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளி எடுங்கள். ஃப்ரேமின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி அதே ஃப்ரேமில் எஸ்எஸ்டியை மாட்டினால் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தும். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய டிஸ்க் 9.5 ஆக இருந்தால் கொஞ்சம் ஆடும், சில பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். எம்.2 என்றால் முப்பது டிகிரி சாய்வில் ஸ்லாட்டுக்குள் முழுதாகச் செருகுங்கள். கையை எடுத்தால் அது மேல்நோக்கி எழும்பி நிற்கும், அது சரிதான். அழுத்திப் படுக்க வைத்து ஸ்க்ரூவை முடுக்குங்கள். அந்தக் குட்டி ஸ்க்ரூ பல எஸ்எஸ்டிகளோடு வராது, வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். திறந்தது திறந்ததுதான், ஃபேனில் படிந்திருக்கும் பஞ்சுத் தூசியையும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டியால் தீராத மெதுவு ஒன்று உண்டென்றால் அது சூடு. நம்மூர் சித்திரை வெயிலில் ஃபேன் அடைத்துப்போன லேப்டாப் என்ன டிரைவ் போட்டாலும் பிராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

என்விஎம்ஈ போட்டு ஹார்ட் டிஸ்க்கையும் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான சமாச்சாரம். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் நீங்கள் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தாலும், பூட் ஃபைல்கள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து இன்ஸ்டாலர் அதையே பயன்படுத்திக்கொள்ளும். அப்போதைக்கு எல்லாம் நன்றாக ஓடும். ஒரு வருடம் கழித்துப் பழைய டிஸ்க் செத்தோ, நீங்களாகக் கழற்றியோ போனால், விண்டோஸ் முழுதும் எஸ்எஸ்டியில் பத்திரமாக இருந்தும் பூட் ஆகாது. கேபிளைக் கழற்றி வைத்தால் எல்லாமே எஸ்எஸ்டியில்தான் உட்காரும். விண்டோஸ் வந்து டெஸ்க்டாப் தெரிந்தபிறகு ஷட் டவுன் செய்து ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜர் எஸ்எஸ்டியைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்ட பிறகு செய்ய வேண்டியது மிகக் குறைவு. இன்டர்நெட்டில் எஸ்எஸ்டிக்கான இருபது டிப்ஸ் என்று வருபவை, பேஜ் ஃபைலை நிறுத்து, டெம்ப் ஃபோல்டரை மாற்று, இண்டெக்ஸிங்கை அணை, எல்லாம் எஸ்எஸ்டி புதிதாக வந்த காலத்துப் பயங்கள். விண்டோஸ் 7-இலிருந்தே ட்ரிம் இருக்கிறது. அழித்த இடங்களை டிரைவுக்குச் சொல்லிவிடும் வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். வேறு மென்பொருள் வைத்து டிஃப்ராக் மட்டும் செய்யாதீர்கள், பலனில்லாமல் எழுதித் தேய்ப்பதுதான் மிச்சம். பேட்டரி செத்து, எப்போதும் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப் என்றால் பேட்டரியை மாற்றுங்கள் அல்லது யுபிஎஸ்ஸில் வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் பட்டென்று போவதை எந்த டிரைவும் விரும்பாது.

7-ஆம் தலைமுறையோ அதற்கும் பழையதோ வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. 2011-இலிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் அலமாரியில் இருக்கின்றன. அவற்றுக்கும் இரண்டரை இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். பழைய சாட்டா 2 என்றால் வேகம் 280 எம்பியோடு நின்றுவிடும், சின்னத் துண்டு வேகம் பெரிதாகக் குறையாது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக வராது, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பாருங்கள். தம்பி தங்கைகள் படிக்க, டைப் அடிக்க அது போதும். நாளைக்கு அந்த மெஷின் போய்விட்டாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டுக்கொள்ளலாம், பணம் வீணாகாது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். கடையில் கொடுத்து மாற்றினாலும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஆதாரும் வங்கி ஸ்டேட்மெண்டும் குடும்பப் போட்டோவும் அதில்தான் இருக்கின்றன. இரண்டு மூன்று வாரம் புதியதில் வேலை செய்யுங்கள். அந்த ஃபைல் எங்கே என்று தேடும்போது பழையதில் இருந்து எடுக்கலாம். சி5 பூஜ்யமாக இருக்கும் நல்ல டிஸ்க் என்றால் யுஎஸ்பி 3 கேஸ் ஒன்றில் போட்டு, மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டிக்கு அது அவசியம். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் கொடுக்கும், மெதுவாகும், கொஞ்சம் அவகாசம் தரும். எஸ்எஸ்டி பல சமயம் நேற்று ஓடி இன்று பயாஸிலேயே காணாமல் போகும். ட்ரிம் ஓடிவிட்டால் தவறி அழித்த ஃபைலை மீட்கவும் வழியில்லை. கல்யாண வீடியோவை எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் பூட்டி வைப்பதும் சரிவராது. கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் செல்களில் இருக்கும் சார்ஜ் மெல்லக் கசியும், சூடான அறையில் இன்னும் சீக்கிரம். அந்த வேலைக்கு உங்கள் பழைய 1 டிபி டிஸ்க்கே ஏற்றது.